ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எதைக் காட்டுவது?

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்வுச் சான்றிதழ் அளிப்பதற்காக மூத்த குடிமக்கள் பலர் எங்கள் கிளைக்கு வருகின்றனர். அவர்களுள் கணிசமானோர் தமிழ்நாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்று, பொம்மனஹள்ளியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மகன் அல்லது மகளின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருப்பவர்கள். "பெங்களூருவில் என்னென்ன பார்த்தீர்கள்?" என்று வினவினால் பெரும்பாலும் ஒரே வகையான விடைதான் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் நெடுந்தொலைவு சென்றதையும், போகும்போதும் வரும்போதும் நெரிசலில் சிக்கியதையும், வணிக வளாகம் ஒன்றில் உணவருந்தியதையும் கூறுகின்றனர். எஞ்சிய நாள்கள் யாவும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு சுவர்களுக்குள் கழிந்தவை.

இதற்காகப் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. மின்னணு நகரத்து அலுவலகங்களிலும் ஓசூர் சாலையை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைப்போருக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாள்களோதான் ஓய்வு. அந்த ஒரு நாளில் பெயர் பெற்ற இடம் ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்னும் ஆவலில் நந்தி மலைக்குப் புறப்படுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலை காணத் தகுந்ததே. ஆயினும் பொம்மனஹள்ளி நகரின் தென்பகுதியில் உள்ளது. நந்தி மலையோ வட எல்லைக்கும் அப்பால் உள்ளது. இடையில் முழு நகரத்தையும் இருமுறை கடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெற்றோருக்கு அந்தப் பயணத்தில் எஞ்சுவது களைப்பு மட்டுமே.

நமது கருத்து இதுதான்: பெங்களூருவைக் காண்பதென்றால் தொலைவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, வீட்டு வாயிலிலிருந்து தொடங்கலாம். பொம்மனஹள்ளியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், இந்நகரின் வரலாற்றுக்கு அடிப்படையான சான்றுகள் உள்ளன. அவற்றுள் சில தமிழிலேயே பொறிக்கப்பட்டவை. பெற்றோர் தாமாகவே, வார நாள்களில், அரை நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்கள் அவை.

ஊர்ப்பெயர்களே முதல் வழிகாட்டி

புதிய ஊரில் அந்நிய உணர்வு முதலில் பெயர்ப்பலகைகளில்தான் தோன்றுகிறது. கன்னடப் பெயர்களைச் சற்று உற்றுநோக்கினால் அந்த உணர்வு விலகும். தமிழில் 'ப'கரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் 'ஹ'கரமாக ஒலிக்கின்றன. பால் என்பது ஹாலு. பல் என்பது ஹல்லு. ஊரைக் குறிக்கும் பள்ளி என்பது ஹள்ளி. திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் பொம்மனஹள்ளியின் ஹள்ளியும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். புதிது என்பதைக் குறிக்கும் கன்னடச் சொல் 'ஹொஸ'. ஆகவே ஓசூர் என்பது நம் புதூரே.

ஹொங்கசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரா என்னும் பெயர்களின் ஈற்றில் உள்ள 'சந்திரா' என்பது ஏரியைக் குறித்த 'சமுத்திரம்' என்னும் சொல்லின் திரிபு என்பர். மெட்ரோ நிலையப் பலகைகளில் நாம் அன்றாடம் வாசிக்கும் இப்பெயர்கள், இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிகளால் வாழ்ந்த வேளாண் நிலம் என்பதை நினைவூட்டுகின்றன. 2007ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை பொம்மனஹள்ளி தனி நகராட்சியாகவே இருந்தது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

பேகூர்: நகரத்தின் பெயர் பொறித்த கல்

பொம்மனஹள்ளிச் சந்திப்பில் ஓசூர் சாலையிலிருந்து பிரியும் பேகூர் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் பேகூர் நாகநாதேசுவரர் கோயிலை அடையலாம். ஐந்து சிவ சன்னிதிகள் இருப்பதால் பஞ்சலிங்கேசுவரர் கோயில் என்றும் அழைப்பர். இவற்றுள் பழையவை மேலைக் கங்கர் காலத்தவை. மற்றவை சோழர் ஆட்சிக்காலத்தில் எழுந்தவை எனக் கருதப்படுகின்றன.

இவ்வளாகத்தில் உள்ள பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று பெங்களூருப் போரைக் குறிப்பிடுகிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 890. போசள மன்னன் ஒருவன் வேட்டையில் வழி தவறியபோது மூதாட்டி ஒருத்தி வெந்த அவரையை அளித்ததால் 'பெந்தகாளூரு' எனப் பெயர் வந்தது என்னும் கதையைப் பலரும் கேட்டிருப்போம். அக்கதை பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் வீர வல்லாளனைச் சார்த்திச் சொல்லப்படுவது. அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே இப்பெயர் வழக்கில் இருந்தது என்பதைப் பேகூர்க் கல் உறுதிப்படுத்துகிறது. 1537இல் கெம்பே கௌடர் கோட்டை எழுப்பி நகரமைத்ததற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்ட சான்று இது. உலகறிந்த ஒரு நகரத்தின் பெயர் இடம்பெற்ற தொன்மையான கல்வெட்டு நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. அதைக் காணாமல் நெடுந்தொலைவு செல்வது முறையாகுமா?

பேகூருக்கு வார நாளில் காலை எட்டு மணிக்குள் சென்றுவிடுவது நலம். பிற்பகலில் கோயில் நடை சாத்தப்படும். பேகூர் சாலையோ குறுகியது, மாலையில் நெரிசல் மிகுந்தது. தரிசனம் முடித்து, அருகிலுள்ள பேகூர் ஏரியையும் கண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

மடிவாளா: தமிழில் எழுதப்பட்ட பெங்களூரு

பொம்மனஹள்ளியிலிருந்து எதிர்த்திசையில், சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து சிறிது தொலைவில் மடிவாளா சோமேசுவரர் கோயில் உள்ளது. சுற்றிலும் கடைகளும் வாகன இரைச்சலும் நிறைந்த இடம். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் இரவுப் பேருந்துகளுக்காக மடிவாளாவில் காத்து நின்றவர்கள் பலர். ஆனால் கோயிலின் புறச்சுவரை நின்று பார்த்தவர்கள் சிலரே. அச்சுவரில் தமிழ், கிரந்த எழுத்துகளில் கல்வெட்டுகள் உள்ளன. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாக அளித்ததைப் பதிவு செய்கிறது. கொடையாளர் வேப்பூரைச் சேர்ந்தவர். இந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர், வெங்களூர்தான் பெங்களூரு. தமிழின் வகரம் கன்னடத்தில் பகரமாவதை, வா என்பது 'பா' எனவும் வேண்டும் என்பது 'பேக்கு' எனவும் வழங்குவதில் நாம் நாள்தோறும் கேட்கிறோம். அந்த ஒலி மாற்றம் இங்குக் கல்லிலேயே காணக் கிடைக்கிறது. மற்றொரு கல்வெட்டில் தாமரையின் பெயரால் குறிக்கப்படும் ஏரி, அருகிலுள்ள இன்றைய தாவரெகெரெ என்பர். கன்னடத்தில் தாவரெ என்றாலும் தாமரையே.

கன்னட நாட்டின் நடுவே தமிழ்க் கல்வெட்டு எவ்வாறு வந்தது? பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கங்கரை வென்று இப்பகுதியை ஆண்டனர். 1116 அளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலக்காட்டைக் கைப்பற்றியதும் சோழர் ஆட்சி முடிவுற்றது. எனினும் ஆட்சி மாறிய பின்பும் போசளர் காலத்தில் இவ்வட்டாரத்தில் தமிழில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன என்பதற்கு 1247ஆம் ஆண்டுக் கல்லே சான்று. தோம்லூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவபெருமான். தோம்லூரில் அப்பெயர் பூண்டவர் திருமால். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இது ஒன்றே சுவையான செய்தியாக அமையும்.

இவற்றைக் கொண்டு எந்த மொழிக்கும் உரிமை கொண்டாடுவது நம் நோக்கமன்று. இரு மொழியினரும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியையும் நிலத்தையும் கோயிலையும் பகிர்ந்து வாழ்ந்தனர் என்பதையே இக்கற்கள் உணர்த்துகின்றன. இந்த உணர்வோடு 'எஷ்டு' (எவ்வளவு), 'எல்லி' (எங்கே), 'சாக்கு' (போதும்) என நான்கைந்து கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டு வெளியே செல்லும் பெற்றோருக்கு நடத்துநரும் கடைக்காரரும் காட்டும் முகம் வேறாக இருக்கும்.

மெட்ரோ எட்டும் இடங்கள்

2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலைக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையிலான மஞ்சள் வழித்தட மெட்ரோ தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இவ்வழித்தடத்தில் பொம்மனஹள்ளியும் ஒரு நிலையம். சில்க் போர்டு நெரிசலைக் கீழே விட்டு மேலே கடந்து செல்லும் வசதி, மூத்தோருக்குக் கிடைத்த பெரும் விடுதலை எனலாம். நிலையங்களில் மின்தூக்கி உண்டு; பெட்டிகளில் முதியோருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கைகளும் உண்டு.

ஆர்.வி. சாலையில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் சில நிமிடங்களில் லால்பாக் நிலையம் வரும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய இத்தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்புடையது. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைப் படத்தில் பார்க்காதவர் இரார். ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்து செல்வது அங்குள்ள பாறைக்குன்றை. ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகள் பழமையான அப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. குடியரசு நாள், விடுதலை நாள் ஆகியவற்றை ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சியின்போது கூட்டம் அலைமோதும். அந்நாள்களில் மலர்களைக் காண விரும்புவோர் வார நாளின் முற்பகலைத் தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்தின் அமைதியை நாடுவோர் அந்நாள்களைத் தவிர்த்துவிடலாம்.

லால்பாகுக்கு அடுத்த நிலையமான நேஷனல் காலேஜில் இறங்கினால் பசவனகுடி. ஒரே கல்லில் வடித்த பெரிய நந்தியையும் அருகிலுள்ள தொட்ட கணபதியையும் அங்கு வழிபடலாம். கார்த்திகை மாதத்தின் இறுதித் திங்கட்கிழமையையொட்டி 'கடலெகாயி பரிஷெ' எனப்படும் நிலக்கடலைத் திருவிழா நடைபெறும். கன்னடப் பஞ்சாங்கப்படி கார்த்திகை அமாவாசையோடு முடிவதால், நம் நாள்காட்டியை நம்பாமல் முன்கூட்டியே தேதியைக் கேட்டறிவது நலம். தமிழ்நாட்டிலிருந்தும் வணிகர்கள் கடலை கொண்டுவரும் திருவிழா அது.

காலையில் எட்டு முதல் பதினொரு மணி வரையும், மாலையில் ஐந்து முதல் எட்டு மணி வரையும் மெட்ரோவில் அலுவலகக் கூட்டம் மிகுதி. அவ்விரு வேளைகளுக்கும் இடைப்பட்ட நேரமே மூத்தோருக்கு உகந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை மழை திடீரெனக் கொட்டும். தாழ்வான சாலைகளில் நீர் தேங்கும். அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குள் வீடு திரும்பும்படி திட்டமிடுவது அறிவுடைமை.

பன்னேர்கட்டாவும் ஓசூரும்

பேரக்குழந்தைகள் உடன் வருவதாயின் கல்வெட்டைவிட யானையே அவர்களை ஈர்க்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1974இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டா காடும், அதனை ஒட்டிய உயிரியல் பூங்காவும், 2006இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் ஒரு முழு நாளுக்குரியவை. உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் சென்று வாயிலில் ஏமாந்து திரும்புவோர் பலர். ஜெயதேவா மருத்துவமனை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பன்னேர்கட்டா சாலையில் 365 வரிசைப் பேருந்துகள் கிடைக்கும். பூங்காவுக்கு அருகிலுள்ள சம்பகதாம சுவாமி கோயில் பெரியோருக்கு மனநிறைவு தரும்.

மஞ்சள் வழித்தடத்தின் மறுமுனையான பொம்மசந்திராவில் இறங்கி, அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் சென்றால் ஓசூர். மலைமேல் அமைந்த சந்திரசூடேசுவரர் கோயிலிலிருந்து நகரத்தின் விரிவைக் காணலாம். கோயிலுக்கு வாகனங்கள் செல்லும் பாதை உண்டு என்பதால் படியேற இயலாதவரும் தயங்க வேண்டியதில்லை. நாள்பட வெளிமாநிலத்தில் தங்கியிருக்கும் பெற்றோருக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் நடுவே ஒரு நாளைக் கழிப்பதும் ஆறுதலே.

ஞாயிறு தவிர வேறு விடுமுறை இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்கும் இத்திட்டம் பொருந்தும். ஞாயிறு அதிகாலையில் ஓசூர் சாலை வெறிச்சோடி இருக்கும். ஆறு மணிக்குப் புறப்பட்டால் பேகூரையும் மடிவாளாவையும் ஒரே முற்பகலில் கண்டு, மதிய உணவுக்கு வீடு திரும்பலாம்; செலவும் மிகக் குறைவு.

பணம் தொடர்பான சில குறிப்புகள்

வங்கியின் இதழாதலால் இவற்றையும் சொல்ல வேண்டியுள்ளது. மெட்ரோவில் அடிக்கடி பயணம் செய்வோர் ரூபே முத்திரை கொண்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டையைப் பெறலாம். இவ்வகை அட்டையைச் சென்னை மெட்ரோவிலும் பெங்களூரு மெட்ரோவிலும் பயன்படுத்தலாம். வரிசையில் நிற்கும் தொல்லை குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணத்துக்கென அட்டையில் ஏற்றி வைக்கும் இருப்பு கையிலுள்ள ரொக்கத்தைப் போன்றது. அட்டை தொலைந்தால் அந்த இருப்பை மீட்க இயலாது. ஆகவே ஒரு நேரத்தில் சில நூறு ரூபாய்க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கர்நாடக அரசின் சக்தி திட்டத்தின்படி 2023 ஜூன் 11 முதல் பெண்கள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இச்சலுகை கர்நாடக முகவரி கொண்ட அடையாள ஆவணம் உடையோருக்கே உரியது. தமிழ்நாட்டு முகவரி உடைய தாய்மார்கள் பயணச்சீட்டு பெற வேண்டும். நடத்துநரிடம் வாதிட வேண்டியதில்லை.

பூங்கா நுழைவுச்சீட்டு, தங்கும் விடுதி, வாடகைக் கார் ஆகியவற்றை இணையத்தில் பதிவு செய்வோர் அதிகாரபூர்வத் தளங்களை மட்டுமே நாட வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் தொலைபேசி எண் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'தொகையைத் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணை இடுங்கள்' என்று எவரேனும் கூறினால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் உடனடியாக 1930 என்னும் எண்ணில் புகார் அளித்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். சிற்றூர்க் கோயில்களிலும் சாலையோரக் கடைகளிலும் செலவிடச் சில்லறை நோட்டுகளை வைத்திருப்பது இன்றும் பயனுள்ளதே.

காண்பவரின் கடமை

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. பெங்களூரு மாவட்டத்துக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் தொகுத்து, 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியாக 1905இல் வெளியிட்டார். அவர் காலத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்ற கற்கள் பல இன்று அவ்விடங்களில் இல்லை. நகரம் விரிந்தபோது சில சாலைக்கடியிலும் சில கட்டட அடித்தளங்களிலும் மறைந்தன. 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி, எஞ்சியுள்ள கற்களை முப்பரிமாணப் படிமங்களாகப் பதிவு செய்யும் அரும்பணியில் அண்மை ஆண்டுகளில் ஈடுபட்டுள்ளது. 2018இல் ஹெப்பாளில் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ கி.பி. 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கல், இன்னும் கண்டறியப்பட வேண்டியவை உண்டு என்னும் நம்பிக்கையைத் தருகிறது.

பதிவு செய்வது அறிஞர் பணி. பாதுகாப்பது அவ்விடத்தில் வாழ்வோர் பணி. எவரும் வந்து பார்க்காத கல் எளிதில் துணி துவைக்கும் கல்லாகிவிடும். நாள்தோறும் நான்கு பேர் நின்று பார்க்கும் கல்லைத் தொட எவரும் தயங்குவர். ஆகவே இவ்விடங்களுக்குச் செல்வதே ஒருவகைப் பாதுகாப்பு. செல்லும்போது சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். கல்வெட்டின்மேல் எண்ணெயோ மஞ்சளோ பூசலாகாது. எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கலாகாது. பக்கவாட்டில் கைவிளக்கின் ஒளியைச் செலுத்தினாலே எழுத்துகள் புலப்படும். கைவிடப்பட்ட கல் எங்கேனும் தென்பட்டால் அதனை அகற்றாமல், படமெடுத்து இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோயில் நிர்வாகங்களும் உள்ளாட்சி அமைப்பும் தத்தம் பங்காக, கல்வெட்டின் அருகே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், தமிழ்க் கல்வெட்டாயின் தமிழிலும், நான்கு வரி விளக்கப் பலகை ஒன்றை நிறுவலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

வரும் வாரத்தில் ஒரு நாள் காலை பெற்றோரைப் பேகூருக்கு அனுப்பி வையுங்கள். இயலுமாயின் அரை நாள் விடுப்பு எடுத்து நீங்களும் உடன் செல்லுங்கள். அடுத்த வாரம் மடிவாளாவின் சுவரையும், அதற்கடுத்த வாரம் லால்பாகின் பாறையையும் அவர்கள் தாமாகவே கண்டு வருவர். நந்தி மலை எங்கும் சென்றுவிடாது. அதை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.